வியன்னாவுல மூணு மாசம் குடியிருக்கப் போறோம், ஊர்க்காரங்க மாதிரி இருக்க வழி சொல்லுங்க

பேட்டை_விசில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி பேட்டை. போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டரா இருந்து ஓய்வு பெத்தாச்சு. மகன் ஆஸ்திரியாவுல, வியன்னா நகரத்துல வேலை பாக்கான். வீடு பத்தாவது வட்டாரம், ஃபாவொரிட்டன், ராய்மன்பிளாட்ஸ் பக்கம்னு சொல்லுதான். மே கடைசியில நானும் வீட்டம்மாவும் கிளம்புதோம். ஷெங்கன் விசா வந்துட்டு.

மகன் காலையில போனா சாயங்காலம்தான் வருவான். லீவும் அதிகம் கிடைக்காதாம். அதனால பகல் பூரா நாங்க ரெண்டு பேரும்தான். அரண்மனை, மியூசியம்னு பஸ்ஸுல ஏத்தி இறக்கி போட்டோ எடுத்துட்டு வாரதுல எனக்கு ஆசை இல்ல. அந்த ஊர்க்காரன் எங்க காய்கறி வாங்குதான், எங்க உக்காந்து பேசுதான், லீவு நாள்ல பிள்ளைகளை எங்க கூட்டிட்டுப் போறான், அதைப் பாக்கணும். வேலை பாத்த காலம் பூரா ஜனங்களுக்கு நடுவுல நின்னவன், அதான்.

வீட்டம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஜெர்மன் ரெண்டு பேருக்கும் தெரியாது. இங்கிலீஷ் எனக்குத் தட்டுத்தடுமாறி வரும். அவளுக்கு இருக்குத பயம், மூணு மாசமும் நாலு சுவத்துக்குள்ள கிடக்கணுமோன்னுதான். போய் இருந்துட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஜங்ஷன்_ராஜா எழுதியது:

அண்ணாச்சி, அவ்வளவு தூரம் போயிட்டு ஷோன்புருன் அரண்மனையைப் பாக்காம வராதீங்க. ஸ்டெஃபான் தேவாலயத்துத் தெற்குக் கோபுரத்துல 343 படி ஏறினா ஊரே தெரியும். பிராட்டர்ல 1897ல கட்டின ராட்சத ராட்டினம் இன்னும் சுத்துது. 90 நாள் விசா இருக்குல்லா, ரயில்ல பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம்தான், புடாபெஸ்ட் ரெண்டரை மணி. ஒரே மூச்சுல நாலு நாடு பாத்துட்டு வந்துரலாம்.

கல்லிடை_ஆச்சி எழுதியது:

தம்பி ராஜா சொன்னது ஒரு வாரம் போறவங்களுக்குச் சரி. அண்ணாச்சி கேட்டது வேற. நான் கல்லிடைக்குறிச்சி, பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்தி ஓய்வு பெத்தவ. மக வியன்னாவுல ஒட்டாக்ரிங்குங்கிற பதினாறாவது வட்டாரத்துல இருக்கா. கோடையில போய் அவகூட இருந்துட்டு வந்திருக்கேன். கொஞ்சம் நீளமாவே எழுதுதேன்.

ஒரு விஷயத்துல நான் உறுதியா இருக்கேன். முதல் ரெண்டு வாரம் கோபுரம், அரண்மனை ஒண்ணும் வேண்டாம். வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துக்குள்ளேயே இருங்க. ஒரே காய்கறிக்காரர், ஒரே ரொட்டிக்கடை, பார்க்குல ஒரே பெஞ்சு, கூடுமானவரை ஒரே நேரம். தினம் ஒரு இடத்துக்குப் போனா எங்க போனாலும் நீங்க புது ஆளு. போன இடத்துக்கே போனா கொஞ்ச நாள்ல பாத்துத் தலையாட்டுவாங்க, அப்புறம் ரெண்டு நாள் காணலைன்னா என்னாச்சுன்னு விசாரிப்பாங்க. பாஷை தெரியாத நாம அந்த ஊரோட ஒட்டுததுக்கு இதை விட்டா வேற வழி கிடையாது. நாலு நாட்டைப் பாத்துட்டு ஒரு மனுஷரையும் தெரியாம திரும்பி வாரதுல என்ன இருக்கு?

மக வீட்டுப் பக்கம் புருனன்மார்க்ட்னு தெருச் சந்தை. தெரு நெடுகக் கடை. வியாபாரிகள் பெரும்பாலும் துருக்கிக்காரங்க, செர்பியா பக்கத்துக்காரங்க. வெண்டைக்காய், கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், கொண்டைக்கடலை, மசூர்ப் பருப்பு, வாளியில அடைச்ச கட்டித் தயிர் எல்லாம் கிடைக்கும். நம்ம சமையலுக்கு முக்கால்வாசி அங்கேயே முடிஞ்சிரும். கத்தரிக்காய் மட்டும் நம்ம ஊர்க் காய் மாதிரி இருக்காது. நல்லாப் பெருசா, கருப்பா, தோல் தடிச்சு இருக்கும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஆகாது, சுட்டுப் பிசைஞ்சு கொத்சு வைக்கலாம். சின்னக் காயும் சில நாள் வரும், விரலால அளவு காட்டிக் கேளுங்க. காயை நாமளா அள்ளிப் பொறுக்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துப் போடுவார்.

நான் வாடிக்கையா வாங்குத கடையில ஒரு பெரியவர். எனக்குத் துருக்கி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. விரலும் தலையும்தான் பேச்சு. கொஞ்ச நாள் போனதும் நான் பையை நீட்டினா கேக்காமலே ஒரு பிடி கொத்தமல்லியைக் கொசுறா உள்ள போட ஆரம்பிச்சார். அப்புறம் போனை எடுத்துப் பேத்தி படத்தைக் காட்டினார். நான் என் பேரன் படத்தைக் காட்டினேன். நான் ஊருக்குக் கிளம்புதேன்னு மக சொன்னப்ப, காசு வாங்க மாட்டேன்னு ஒரு பை நிறைய அத்திப்பழம் குடுத்துவிட்டார்.

உங்க மகன் வீட்டுப் பக்கம் இதே மாதிரி விக்டர் ஆட்லர் மார்க்ட் இருக்கு, நடந்தே போயிரலாம். ஞாயித்துக்கிழமை சந்தை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் அடைப்பு. சனிக்கிழமையும் ஆறு மணியோட அடைச்சிருவாங்க. அவசரம்னா பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்குத கடை ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். உங்களுக்கு மத்திய ஸ்டேஷன் சுரங்க ரயில்ல ரெண்டே நிறுத்தம்.

இனி தண்ணி. இதைச் சொல்லாம விட என்னால முடியாது. தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்தவங்களுக்குத் தண்ணி ருசி தெரியும். பாட்டில் தண்ணியே கதின்னு நினைச்சுக்கிட்டுத்தான் நம்மவங்க வெளிநாடு போறாங்க. வியன்னாவுல சமையல்கட்டுக் குழாயைத் திறந்தா வாரது ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி. 19ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்க் கிணறுகள் கெட்டு, காலராவும் டைஃபாய்டும் ஜனங்களை வாரிக்கிட்டுப் போயிருக்கு. மலை ஊத்துல இருந்தே நேரா கொண்டு வரணும்னு நகரசபையில நின்னு வாதாடினவர் எட்வர்ட் சூஸ்ங்கிற நிலவியல் பேராசிரியர். 1873ல ராக்ஸ், ஷ்னேபெர்க் மலைப் பக்கத்துல இருந்து முதல் கால்வாய் வந்து சேந்திருக்கு. 1910ல ஹோக்ஷ்வாப் மலைப் பக்கத்துல இருந்து ரெண்டாவது. பம்ப்பு இல்லாம மலைச் சரிவுலேயே ஓடி வருது.

அந்த சூஸ்தான் கோண்ட்வானாலாந்துங்கிற பேரை வச்சவர். நம்ம நாட்டுல கோண்டு மக்கள் வாழுத பகுதியோட பேரை எடுத்து, உடைஞ்சு பிரிஞ்ச அந்தப் பழைய பெருங்கண்டத்துக்கு வச்சார். வருஷம் தவறாம கரும்பலகையில அந்தப் பேரை எழுதி நடத்தினவ நான். தண்ணி வந்து சேந்த 1873லேயே ஷ்வார்ட்சென்பெர்க்பிளாட்ஸ்ங்கிற இடத்துல பெரிய நீரூற்று கட்டித் திறந்திருக்காங்க. மக அங்க கூட்டிட்டுப் போய் விவரம் சொன்னப்ப எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. ஒரு வாத்தியார் தண்ணிக்காக நின்னிருக்கார், ஊரே இன்னைக்கும் குடிக்குது. நீங்களும் அவசியம் போய்ப் பாருங்க. ஊருக்குள்ள ஆயிரத்துக்கு மேல பொதுக் குடிநீர்க் குழாய் இருக்கு. கையில ஒரு பாட்டில் இருந்தாப் போதும், காசு குடுத்துத் தண்ணி வாங்காதீங்க.

காப்பிக் கடை. சென்ட்ரல்னு ஒரு பழைய கடை, 1876ல ஆரம்பிச்சது. வாசல்ல சுற்றுலாக்காரங்க வரிசை கட்டி நிப்பாங்க. அங்க போக வேண்டாம். வீட்டுப் பக்கமே ஒரு காப்பிக் கடையைப் பிடிங்க. மெலாஞ்ச்னு கேட்டா பால் காப்பி வரும், நம்ம ருசிக்கு அதுதான் கிட்ட. சின்னத் தட்டுல காப்பியும், பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணியும், தண்ணிக் கிளாஸ் மேல குறுக்க ஒரு ஸ்பூனும் வச்சுக் கொண்டு வருவாங்க. அந்த ஒரு காப்பிக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க, பில்லும் நீங்க கேட்டாத்தான் வரும். நாளிதழை மரச்சட்டத்துல மாட்டி வச்சிருப்பாங்க, எடுத்துப் படிச்சிட்டுத் திரும்ப மாட்டணும். விலை நம்ம கணக்குக்குக் கூடத்தான். தினம் போகாதீங்க, வாரம் ஒரு தடவை போங்க, போனா அவசரப்படாம உக்காருங்க.

வீட்டம்மா சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. சைவம்னு எழுதியிருந்தாலும் சூப்பைக் கேட்டு வாங்குங்க. அங்க தெளிஞ்ச சூப்புன்னா பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு, மேல காய்கறி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இனிப்பு, பலகாரத்துல முட்டை சகஜம். ‘ஓனே ஃப்ளைஷ்’னா இறைச்சி வேண்டாம், ‘ஓனே ஐ’ன்னா முட்டை வேண்டாம். ரெண்டையும் ஒரு தாள்ல ஜெர்மன்ல மகனை எழுதித் தரச் சொல்லிப் பையில வச்சுக்கிடுங்க.

கடைக்குள்ள நுழையும்போது, லிஃப்ட்டுல ஆளைப் பாக்கும்போது, மாடிப்படியில எதிர்ப்படும்போது ‘க்ரூஸ் காட்’னு சொல்லுங்க. சொல்லாமப் போனா மரியாதைக் குறைச்சலா நினைப்பாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல மிக்ஸி போடக் கூடாது. குப்பையைப் பிரிச்சுத்தான் போடணும், எந்தத் தொட்டி எதுக்குன்னு மகன் காட்டுவான்.

கடைசியா டான்யூப் தீவு. வெள்ளத்தைத் தடுக்கணும்னு 1972ல இருந்து 1988 வரை ஆத்துக்குப் பக்கத்துல இன்னொரு கால்வாய் வெட்டினாங்க. வெட்டின மண்ணைக் கொட்டி உண்டாக்கின தீவு, 21 கிலோமீட்டர் நீளம். கட்டணம் கிடையாது. கோடையில சனி ஞாயிறு ஊர்க்காரங்க பாதிப் பேரை அங்கதான் பாக்கணும். துணி விரிச்சு, வீட்டுல இருந்து சாப்பாடு கொண்டு வந்து, குளிச்சு, சாயங்காலம் வரை படுத்துக் கிடப்பாங்க. சூரியன் மறைய ராத்திரி ஒம்பது ஆயிரும். பத்தமடைப் பாய் ஒண்ணு கொண்டு போங்க. நான் விரிச்சு உக்காந்தப்ப பக்கத்துல இருந்த அம்மா வந்து தடவிப் பாத்து, கோரையைக் காட்டிக் காட்டிக் கேட்டா. மக பக்கத்துல இருந்து எடுத்துச் சொன்னா, அரை மணி நேரம் பாய்ப் பேச்சுதான். ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிடுங்க, உடுப்பு இல்லாமக் குளிக்கறவங்களுக்குன்னு தீவுல தனிப் பகுதி உண்டு, எஃப்.கே.கேன்னு பலகை இருக்கும். அதைப் பாத்துட்டுத் தள்ளிப் போயிக்கிடுங்க.

பேட்டை_விசில் எழுதியது:

ஆச்சி, கும்பிடுதேன். வீட்டம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தண்ணி விஷயத்தை மட்டும் ரெண்டு தடவை கேட்டா. அவ கேக்கச் சொன்னது, சேலை கட்டிக்கிட்டு அங்க நடமாட முடியுமா? நான் கேக்கது, அங்க டிராம்ல டிக்கெட் யாரு குடுக்கா, யாரு பாக்கா? அப்புறம் ஃபாவொரிட்டன் எப்படிப்பட்ட ஏரியா? மகன் ‘சாதாரணமான இடம்தாம்பா’ன்னு அதோட நிப்பாட்டிட்டான்.

சங்கரன்கோவில்_தம்பி எழுதியது:

அண்ணாச்சி, நான் சங்கரன்கோவில், இப்ப ஃபாவொரிட்டன்லதான் குடியிருக்கேன். உங்க மகன் சொன்ன அந்தச் சாதாரண இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

முதல்ல டிக்கெட். டிராம், பஸ், சுரங்க ரயில் மூணுக்கும் ஒரே டிக்கெட். நுழைவுல தடுப்பும் கிடையாது, டிராம்ல கண்டக்டரும் கிடையாது. காகித டிக்கெட் வாங்கினா சின்ன நீலப் பெட்டியில செருகி முத்திரை குத்திக்கணும். செக்கிங்காரங்க சாதா உடுப்புல ஏறுவாங்க, டிக்கெட் இல்லைன்னா அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். வருஷப் பாஸை 2012ல 365 யூரோன்னு வச்சாங்க, ஒரு நாளைக்கு ஒரு யூரோன்னு கணக்கு. 2025 முடியுற வரை அதே விலை, 2026ல ஏத்திட்டாங்க. உங்களுக்கு மாசப் பாஸ் போதும். அது இருந்தா எந்த டிராம்லயும் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை உக்காந்து போகலாம். உங்களை மாதிரி ஆளுக்கு அதுவே ஒரு வேலை. இங்க முதல் குதிரை டிராம் 1865ல ஷாட்டன்டோர்ல இருந்து ஹெர்னால்ஸுக்கு ஓடுச்சு. இன்னைக்கு 43ஆம் நம்பர் டிராம் அந்தப் பக்கம்தான் போகுது, ஏறிக் கடைசி வரை போனா மரம் அடர்ந்த இடத்துல இறக்கி விடும். 1897ல மின்சார டிராம் வந்துட்டு. எர்ட்பெர்க்ல பழைய பணிமனையையே மியூசியம் ஆக்கியிருக்காங்க, பேரு ரெமீஸே. பழைய வண்டிகளை வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க. மியூசியம் வேண்டாம்னு சொன்னீங்க, இது ஒண்ணுக்கு மட்டும் போங்க.

ஃபாவொரிட்டன் தொழிலாளிகள் ஊர். மக்கள்தொகையில வியன்னாவோட பெரிய வட்டாரங்கள்ல இதுவும் ஒண்ணு, ரெண்டு லட்சத்துக்கு மேல. வீனர்பெர்க் குன்றுல ஒரு காலத்துல பெரிய பெரிய செங்கல் சூளை. பொஹீமியா, மொராவியாவுல இருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள், பெண்டு பிள்ளைகளோட அங்க மண்ணு மிதிச்சாங்க. நீங்க பாக்கப் போற அந்தப் பெரிய பெரிய கட்டடங்கள் எல்லாம் அந்தச் செங்கல்லுல எழும்பினது. கூலியைக் காசாக் குடுக்காம தகட்டு வில்லையாக் குடுப்பாங்க, அதை வச்சு சூளைக்குள்ள இருக்கற கடையிலதான் சாமான் வாங்க முடியும், வெளிக்கடையை விட விலையும் கூட. விக்டர் ஆட்லர்னு ஒரு டாக்டர் 1888ல உள்ள புகுந்து பாத்து, பத்திரிகையில எழுதி உலகத்துக்குச் சொன்னார். உங்க சந்தைக்கு அவர் பேருதான். அந்தச் சூளைக் குழிகள் இன்னைக்கு ஏரியும் பூங்காவுமா இருக்கு, சாயங்காலம் ஜனங்க நாயைக் கூட்டிட்டு நடக்குறாங்க. வீனர்பெர்க் ஏரின்னு கேளுங்க, பஸ் உண்டு.

வீட்டு வாசல்ல அமாலியன்பாட்னு பெரிய குளியல் நிலையம், 1926ல நகரசபை கட்டினது. அப்பல்லாம் தொழிலாளிகள் வீட்டுல குளியலறையே கிடையாது, அவங்களுக்காகத்தான் கட்டினாங்க, இன்னும் நடக்குது. ராய்மன்னு உங்க சதுக்கத்துக்குப் பேரு இருக்கே, அவர் சோஷியல் டெமாக்ரட்டுங்கிற தொழிலாளர் கட்சியோட முதல் மேயர். 1920கள்ல நகரசபை ஏழைகளுக்குக் கட்டின குடியிருப்புகள் ஊர் முழுக்க இருக்கு. சுவத்துல பெரிய சிவப்பு எழுத்துல, வியன்னா நகரசபை வீட்டுவசதி வரிப் பணத்துல இன்ன வருஷம் கட்டினதுன்னு எழுதியிருக்கும். எங்க நடந்தாலும் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்க. ஹைலிகன்ஸ்டாட்ல இருக்கற கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,382 வீடு, 1927ல ஆரம்பிச்சு 1930ல முடிச்சாங்க. இன்னைக்கும் ஜனங்க குடியிருக்காங்க, அதனால முற்றத்துல சத்தம் போடாம நடந்து பாருங்க.

ராய்மன்பிளாட்ஸ்ல யு1 ரயில் ஏறினா மாறாம நேரா டான்யூப் தீவு. எதிர்த்திசையில கடைசி நிறுத்தம் ஓபர்லா, இறங்கினதும் பெரிய பூங்கா. வெயில் காலத்துல வீட்டுல ஏசி இருக்காது. பகல்ல சன்னலை அடைச்சுத் திரையைப் போட்டுட்டு ராத்திரி திறந்து வைங்க.

கல்லிடை_ஆச்சி எழுதியது:

தம்பி, செங்கல் சூளை விஷயம் எனக்கும் புதுசு. அடுத்த தடவை மகளைக் கூட்டிட்டு வாரேன்.

அண்ணாச்சி, வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, நான் அங்க இருந்த வரை சேலைதான். கணுக்காலுக்கு மேல கொஞ்சம் தூக்கிக் கட்டி, பிடிப்பான ஷூ போட்டுக்கிடணும். கருங்கல் பாவின தெருக்கள் உண்டு, செருப்பு வழுக்கும். டிராம்ல எனக்கு எந்திரிச்சு இடம் குடுத்த பிள்ளைகள்தான் அதிகம்.

போன உடனே செய்ய வேண்டியது ஒண்ணு. மூணு நாளைக்குள்ள முகவரியை நகர அலுவலகத்துல பதியணும், சொந்தக்காரங்க வீட்டுல தங்கினாலும் பதியணும். படிவத்துல மகன் கையெழுத்து வேணும், பாஸ்போர்ட் கொண்டு போகணும். மகனுக்கு லீவு இருக்குத நாளாப் பாத்து முதல்லயே வச்சுக்கிடுங்க. ஆம்புலன்ஸுக்கு 144. மருந்துக் கடை வாசல்ல சிவப்பா ஏ எழுத்துப் பலகை இருக்கும். பிரஷர், சுகர் மாத்திரையை இங்கேயே மூணு மாசத்துக்கு வாங்கி, டாக்டர் சீட்டோட கைப்பையில வைங்க, பெரிய பெட்டியில போடாதீங்க.

சாமான் கட்டும்போது நெய் டப்பா, பால்கோவா வேண்டாம். பால் சம்பந்தப்பட்டதையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள பயணிகள் கொண்டு போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாம விட மாட்டாங்க. அதனால காயவச்சுப் பொடி பண்ணிக் கொண்டு போங்க. தேங்காய்க்குத் தடை இல்ல. சொதி வைக்க நல்ல முத்தின காயா நாலு, நார் உரிச்சுக் கொண்டு போங்க, அங்க கிடைக்குத காயில அந்த அளவுக்குப் பால் வராது. இட்லி அரிசி, உளுந்து இந்தியச் சாமான் கடையில கிடைக்கும், சுமக்க வேண்டாம். கல்லுச்சட்டி கொண்டு போறதா இருந்தா, மகன் வீட்டு அடுப்பு எந்த வகைன்னு முதல்ல கேட்டுக்கிடுங்க. இண்டக்ஷனா இருந்தா அது சூடாகாது.